ஷாட்டோ மூட்டோன் ரோத்ஸ்சைல்டு: பத்திரத்தில் இருந்த தோட்டம் குடும்பத்தின் தோட்டமான வரலாறு

ஒரு திராட்சைத் தோட்டம் 170 ஆண்டுகளுக்கு மேலாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது என்றால், அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அதைக் கட்டிக்காத்து வந்திருக்கிறது என்றுதான் எவரும் எண்ணுவர். பிரான்சின் போர்தோ நகருக்கு வடக்கே, மெடோக் பகுதியின் பொயாக் என்ற சிற்றூரில் இருக்கும் ஷாட்டோ மூட்டோன் ரோத்ஸ்சைல்டின் வரலாற்றை நிதானமாகப் படித்தால், அந்த எண்ணம் பாதிதான் சரி என்று தெரிய வரும். 1853 முதல் 1922 வரையிலான 69 ஆண்டுகளில் அந்தத் தோட்டம் ரோத்ஸ்சைல்டு குடும்பத்தின் பத்திரப் பெட்டியில் இருந்தது. குடும்பம் தோட்டத்தில் இல்லை. பின்வந்த ஒருவர் அங்கேயே போய்த் தங்கி, ஒயினை யார் பாட்டிலில் அடைப்பது என்ற ஒரே கேள்வியில் பிடிவாதமாக நின்றதிலிருந்துதான் அது குடும்பப் பண்ணையாகத் தொடங்குகிறது. அந்த மாற்றம் எப்படி நடந்தது, அடுத்த தலைமுறைகளுக்கு எப்படிக் கைமாறியது, அதில் திட்டம் எவ்வளவு, தற்செயல் எவ்வளவு என்பதே இந்த ஆய்வின் பொருள்.

வாங்கியவரும் வாராதவர்களும்

நிலத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஜிரோந்து முகத்துவாரத்தின் இடக்கரையில், 80 ஹெக்டேருக்குச் சற்றுக் கூடுதலாகப் பரந்திருக்கும் இந்தத் தோட்டத்தின் மண் ஆழமான சரளைக்கல் மண். மழைநீரைத் தேக்காமல் கீழே விட்டுவிடும். பகலில் வாங்கிய வெயிலை இரவிலும் கொடிக்குத் தந்துகொண்டிருக்கும். தாமதமாகப் பழுக்கும் கபெர்னே சோவிஞோன் திராட்சைக்கு இதைவிட ஏற்ற மண் அரிது. இன்றும் தோட்டத்தில் ஐந்தில் நான்கு பங்கு அந்த இனம்தான். இந்த நற்குணம் எந்தக் குடும்பமும் உண்டாக்கியதல்ல. அதற்கு முன்பிருந்தே இருந்தது.

பிரான் குடும்பத்தின் வசமிருந்த இத்தோட்டம் 1830-இல் தூரே என்ற பாரிஸ் வங்கியாளருக்குப் போய், அவரிடமிருந்து 1853 மே மாதம் நத்தானியேல் தே ரோத்ஸ்சைல்டின் கைக்கு வந்தது. விலை 11,25,000 பிராங்க். ரோத்ஸ்சைல்டு வங்கிக் குடும்பத்தின் லண்டன் கிளையில் பிறந்து பாரிஸில் குடியேறிய நத்தானியேல், தம் வீட்டு விருந்துகளில் தமது சொந்தத் தோட்டத்து ஒயினையே பரிமாற விரும்பினார். வேட்டையின்போது நேர்ந்த விபத்தில் முடங்கிப்போனவர் அவர். தோட்ட வரப்புகளில் நடக்கும் வாழ்க்கை அவருக்கு வாய்க்கவில்லை.

வாங்கிய இரண்டே ஆண்டுகளில் அவமானம் ஒன்று வந்து சேர்ந்தது. 1855-ஆம் ஆண்டின் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக, போர்தோ தரகர்கள் தங்கள் பகுதியின் சிவப்பு ஒயின்களை அவை விற்ற விலையின் அடிப்படையில் ஐந்து தரங்களாகப் பிரித்தபோது, லஃபீட், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் ஆகிய நான்கும் முதல் தரத்தில் வைக்கப்பட்டன. மூட்டோன் இரண்டாம் தரத்தின் தலைமையில் நின்றது. ஒரு படி கீழே இருப்பது பத்துப் படி கீழே இருப்பதைவிட அதிகம் உறுத்தும். போதாக்குறைக்கு, நத்தானியேலின் சித்தப்பா ஜேம்ஸ் 1868-இல் அடுத்த வேலியில் இருந்த லஃபீட்டையே வாங்கிவிட்டார். ஒரே குடும்பத்தின் இரு கிளைகள், பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்கள், ஒன்று முதல் தரம், மற்றது இரண்டாம் தரம்: அடுத்த நூறாண்டுகளுக்கான மனக்கசப்புக்கு விதை இங்கேதான் விழுந்தது.

ஆனால் அந்த மனக்கசப்பைச் சுமக்கக்கூட நெடுங்காலம் ஆளில்லை. 1870-இல் நத்தானியேல் இறந்தார். அவர் மகன் ஜேம்ஸ் எதுவார் புத்தகச் சேகரிப்பில் ஆழ்ந்தவர். 1881-இல் இளமையிலேயே மறைந்தார். பேரன் ஆன்றி மருத்துவர், புனைபெயரில் நாடகங்கள் எழுதியவர்; பாரிஸை விட்டு நகர அவருக்கு மனமில்லை. இவர்களில் எவரையும் பொறுப்பற்றவர் என்று சொல்ல மாட்டேன். அவரவர் துறையில் உழைத்தவர்களே. தோட்டத்தை மேலாளர்கள் நடத்தினார்கள், வருமானம் பாரிஸுக்குப் போனது. அங்கு தயாரான ஒயின் எப்படிப்பட்டது என்பதைக் கடைசியாகத் தீர்மானித்தவர் உரிமையாளரல்ல, போர்தோ நகரத்து வணிகர்.

பீப்பாயும் பாட்டிலும்

இந்தக் கடைசி வாக்கியத்தை விரித்துச் சொல்லாமல் மேலே போக முடியாது. வரலாறு முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

போர்தோவின் பீப்பாய் 225 லிட்டர் கொள்ளும். ஒன்றிலிருந்து 300 பாட்டில்கள் எடுக்கலாம். புது ஒயின் அதில் ஏறிய பிறகு சும்மா கிடப்பதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை வேறொரு பீப்பாய்க்கு மாற்ற வேண்டும். நிலவறை ஆள் ஒருவர் குனிந்து உட்கார்ந்து, வடியும் ஒயினுக்குப் பின்னால் மெழுகுவர்த்தி ஒன்றைப் பிடித்துச் சுடரின் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருப்பார். தெளிவான சிவப்பில் முதல் கலங்கல் தெரிந்ததும் சட்டென்று நிறுத்துவார். பிறகு முட்டை வெண்கருவை அடித்து ஊற்றுவார்கள். மிதக்கும் நுண்துகள்களை அது தன்னோடு இழுத்துக்கொண்டு அடியில் போய்ப் படியும். இப்படி ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் போகும். ஒயினுக்குக் குணம் வருவதும் கெட்டுப்போவதும் இந்தக் காலத்தில்தான்.

பழைய வழக்கத்தில் இந்த வேலை முழுவதும் தோட்டத்துக்கு வெளியே நடந்தது. அறுவடை முடிந்த சில மாதங்களிலேயே பீப்பாய்கள் வண்டியேறி, போர்தோவின் ஷார்த்ரோன் படித்துறையை ஒட்டிய வணிகர் கிடங்குகளுக்குப் போய்விடும். பக்குவப்படுத்துவது வணிகர், பாட்டிலில் அடைப்பது வணிகர், லேபிள் ஒட்டுவதும் அவரே. மெலிந்த ஆண்டின் ஒயினில் வேறு ஊர் ஒயினைக் கொஞ்சம் கலந்தாலும் தோட்டக்காரருக்குத் தெரியாது. அதற்கு ஈடாகத் தோட்டக்காரருக்குக் கிடைத்தது உடனடிக் காசு. பணம் முதலில் வருகிறது, பெயர் பிறர் கையில் இருக்கிறது. தோட்டத்தில் வசிக்காத உரிமையாளருக்கு இந்த ஏற்பாடு மிகவும் வசதி. அதனால்தான் அது அவ்வளவு காலம் நீடித்தது.

ஆன்றியின் இளைய மகன் பிலிப், 1902-இல் பிறந்தவர். முதல் உலகப்போரின் கடைசி ஆண்டில் ஜெர்மன் பீரங்கிகள் பாரிஸை எட்டியபோது சிறுவனாக பொயாக்குக்கு அனுப்பப்பட்டார். வீட்டில் வேறெவருக்கும் பிடிக்காத அந்த ஊர் அவருக்குப் பிடித்துப்போயிற்று. 1922-இல், வயது இருபதே ஆனபோது, தந்தையிடமிருந்து தோட்டப் பொறுப்பை ஏற்றார். அவர் பொழுதுபோக்குகளும் பல: 'ஜார்ஜ் பிலிப்' என்ற பெயரில் கார்ப் பந்தயங்களில் ஓடினார், நாடகம் மொழிபெயர்த்தார், கவிதை எழுதினார். எனினும் தோட்டத்தை அவர் விடவில்லை.

1924-இல் அவர் எடுத்த முடிவு இதுதான்: மூட்டோனின் அறுவடை முழுவதும் இனித் தோட்டத்திலேயே பாட்டிலில் அடைக்கப்படும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சிறு நிர்வாக மாற்றமாகத் தோன்றும் இது, ஒவ்வொன்றாகப் பல செலவுகளை இழுத்துக்கொண்டு வந்தது. சில மாதங்களிலேயே வெளியேறிக்கொண்டிருந்த பீப்பாய்கள் இப்போது ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்க வேண்டும். ஒரு விளைச்சல் பாட்டிலுக்குப் போகுமுன் அடுத்தடுத்த விளைச்சல்கள் வந்து நிற்கும். அதற்கு இடம் வேண்டும். 1926-இல் நாடக அரங்குகளுக்குப் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் சார்ல் சிக்லியைக் கொண்டு 100 மீட்டர் நீளமுள்ள பெருங்கிடங்கு கட்டப்பட்டது. கதவைத் திறந்தால் வரிசை வரிசையாகப் பீப்பாய்கள் மங்கிய ஒளியில் கடைசிச் சுவர் வரை நீளும். பாட்டில் தன்னுடையதென்றால் லேபிளும் தன்னுடையதாக வேண்டும். விளம்பரச் சித்திரக்காரர் ஜான் கார்லுவிடம் சொல்லி, 1924 விளைச்சலுக்கு ஆட்டுத்தலை பொறித்த நவீன லேபிள் ஒன்றைச் செய்வித்தார். முதல் தரத் தோட்டங்களையும் தம்முடன் சேர்ந்து இதே வழியில் வருமாறு இசைவித்தார். தரவரிசை பெற்ற தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் இது கட்டாயமானது 1972-இல்தான்.

என் கணிப்பில், மூட்டோனின் வரலாற்றில் நத்தானியேலின் 1853 பத்திரத்தைவிட இந்த 1924 முடிவுக்கே எடை அதிகம். பாட்டிலில் இருப்பதற்கு உரிமையாளர் நேரடியாகப் பொறுப்பேற்ற பிறகு, அவர் வெளியூரில் இருந்துகொண்டு காலத்தை ஓட்ட முடியாது. குடும்பம் அங்கே இருந்தாக வேண்டும்.

பொறுப்பேற்பதன் மறுபக்கம் விரைவிலேயே தெரிந்தது. 1930-இன் விளைச்சல் மோசம்; அடுத்த இரண்டு ஆண்டுகளும் தேறவில்லை. பழைய நாளாக இருந்தால் பீப்பாயை வணிகரிடம் தள்ளிவிட்டு ஒதுங்கியிருக்கலாம். இப்போது மூட்டோன் என்ற பெயரில் அதை விற்றால் பெயர் கெடும், விற்காவிட்டால் கஜானா காலி. பிலிப் அதை 'மூட்டோன் காடே' என்ற வேறு பெயரில், குறைந்த விலையில் விற்றார். 'காடே' என்றால் இளையவன். வீட்டின் கடைக்குட்டியான அவருக்கே பொருந்தும் சொல். காலப்போக்கில் அந்த ஒயின் தோட்டத்தை விட்டு விலகி, போர்தோ முழுவதிலிருந்தும் வாங்கிக் கலக்கும் பெருவணிகமாக வளர்ந்தது. உயர்ந்த ஒயினின் பெயரை மலிவான பாட்டிலில் ஒட்டியது சரிதானா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் மழையும் உறைபனியும் கெடுத்த ஆண்டுகளில் தோட்டத்தை விற்காமல் இருக்க வைத்த பணத்தில் பெரும்பகுதி அந்த மலிவான பாட்டிலிலிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டுக் கேட்கக்கூடாது. 1933-இல் பக்கத்துத் தோட்டமான தார்மாயாக்கையும், அதனோடு இருந்த சிறு வணிக நிறுவனத்தையும் அவர் வாங்கியதும் இதே கணக்கில்தான்.

போர்

இரண்டாம் உலகப்போரில் பிரான்ஸ் வீழ்ந்ததும், யூதரான பிலிப்பின் குடியுரிமை பறிக்கப்பட்டது; தோட்டம் ஜெர்மனிக்கு இணங்கிப்போன விஷி அரசின் கைக்குப் போனது. வட ஆப்பிரிக்காவில் சிறைவைக்கப்பட்ட அவர், விடுபட்டுத் தப்பி இங்கிலாந்து சேர்ந்து தே கோலின் விடுதலைப் படையில் இணைந்தார். பிரான்சிலேயே இருந்த அவர் மனைவி எலிசபெத், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். 1944-இல் நாஜி ரகசியப் போலீசான கெஸ்டப்போ அவரைப் பிடித்துச் சென்றது. மகள் பிலிப்பீனுக்கு அப்போது வயது பத்து. கண்முன்னே தாயைக் கொண்டுபோனார்கள். எலிசபெத் 1945 மார்ச்சில் ராவன்ஸ்புரூக் நாஜி வதைமுகாமில் இறந்தார்.

அந்த ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் உறைபனி கொடிகளைத் தாக்கி விளைச்சலைக் குறைத்தது. பிறகு வந்த கோடையோ நெடுங்காலம் காணாத கோடை. மிஞ்சிய பழத்திலிருந்து கிடைத்த 1945 ஒயின் அந்த நூற்றாண்டின் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாக இன்றும் பேசப்படுகிறது. அதன் லேபிளின் தலைப்பில், பிலிப் ஜுலியான் என்ற இளம் ஓவியர் வெற்றியைக் குறிக்கும் 'வி' எழுத்தை வரைந்தார். ஒரே ஒருமுறைக்கென்று செய்த அது ஆண்டுதோறும் ஒரு ஓவியர் என்ற வழக்கமாயிற்று: 1955-இல் பிராக், 1958-இல் தாலி, 1969-இல் மிரோ, 1970-இல் ஷகால். ஓவியர்களுக்குக் கூலி பணமாக அல்ல, ஒயினாகத் தரப்பட்டது. இந்த லேபிள்களை வெறும் விளம்பர உத்தி என்று ஒதுக்குவோர், அதன் முதல் படம் எந்த ஆண்டில், எந்த வீட்டில் பிறந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

1947: பேசப்படாத ஆண்டு

மூட்டோனைப் பற்றிய எழுத்துகளில் 1924, 1945, 1973 ஆகிய ஆண்டுகள் திரும்பத் திரும்ப வரும். 1947 அவ்வளவாக வருவதில்லை. இந்த ஆய்வுக்கு அதுதான் முக்கியம்.

அந்த ஆண்டு ஆன்றி இறந்தார். இருபத்தைந்து ஆண்டுகளாகத் தோட்டத்தை நடத்தி வந்த பிலிப், சட்டப்படி அதன் முழு உரிமையாளராகவில்லை. அண்ணன், அக்காள், அவர் என்று மூவரும் பங்காளிகளானார்கள். பிரெஞ்சு வாரிசுச் சட்டத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் சொத்தின் முக்கால் பங்கை அவர்களுக்கென்று ஒதுக்கியே ஆக வேண்டும், ஒருவருக்கே எழுதிவைக்கத் தந்தைக்கு உரிமையில்லை. சட்டம் நியாயமானது. ஆனால் தோட்டத்தைப் பிளக்க முடியாதபோது பங்குகள் பிளக்கின்றன. தலைமுறைக்குத் தலைமுறை, திராட்சைக் கொடியைப் பார்த்தே இராத பங்குதாரர்கள் பெருகுகிறார்கள். பிலிப் உடன்பிறந்தவர்களின் பங்குகளை விலைக்கு வாங்கி உரிமையை ஒரே கையில் சேர்த்தார்.

அப்படிச் சேர்க்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அதே போர்தோவில் ஷாட்டோ இக்கெம் சான்று. 1785-ஆம் ஆண்டுத் திருமணம் ஒன்றின் வழியே லூர்-சாலூஸ் குடும்பத்துக்கு வந்த அந்தத் தோட்டத்தை, 1968 முதல் அலெக்சாந்தர் தே லூர்-சாலூஸ் மிகுந்த அக்கறையுடன் நடத்தினார். தரம் போதாத ஆண்டுகளில் இக்கெம் என்ற பெயரில் ஒரு பாட்டில்கூட வெளிவராது. ஆனால் பங்குகள் உறவினர் பலரிடம் சிதறியிருந்தன. 1996-இல் அவர்களில் பெரும்பாலோர் எல்விஎம்எச் என்ற ஆடம்பரப் பொருள் குழுமத்துக்கு விற்க முன்வந்தார்கள். அவர் எதிர்த்து வழக்காடி, 1999-இல் இணங்க வேண்டியதாயிற்று. திறமைக் குறைவால் அந்தக் குடும்பம் தோட்டத்தை இழக்கவில்லை. நடத்தியவர் ஒருவர், உரிமை பலருடையது என்ற விரிசலில்தான் இழந்தது. 1947-இல் மூட்டோன் மூடிக்கொண்டது அதே விரிசலை.

தரமும் கூட்டாளியும்

1855-இன் தரவரிசையை மாற்ற பிலிப் நடத்திய நெடும் போராட்டத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். அரசு அலுவலகங்கள், வணிகர் சங்கங்கள், எதிர்த்து நின்ற உறவுக்காரரின் லஃபீட் என்று பல கதவுகளைத் தட்டியபின், 1973 ஜூன் மாதம் அப்போதைய வேளாண் அமைச்சர் ழாக் சிராக்கின் ஆணையால் மூட்டோன் முதல் தரத்துக்கு உயர்ந்தது. "முதலாக முடியாது, இரண்டாக மனமில்லை, நான் மூட்டோன்" என்றிருந்த தோட்டத்தின் வாசகம், "முதலாக இருக்கிறேன், இரண்டாக இருந்தேன், மூட்டோன் மாறவில்லை" என்றானது. அந்த ஆண்டின் விளைச்சல் என்னவோ நடுத்தரம்தான். லேபிளை அலங்கரித்தது அதே ஆண்டு ஏப்ரலில் மறைந்த பிக்காசோவின் ஓவியம்.

மூன்று ஆண்டுகள் கழித்துப் பாரிஸில் நடந்த பெயர் மறைத்த ருசிபார்ப்பில், பிரெஞ்சு நடுவர்களே கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973-ஐ முதலிடத்திலும் மூட்டோன் 1970-ஐ இரண்டாமிடத்திலும் வைத்தார்கள். பிரான்ஸில் பலர் முகம் சுளித்தபோது, பிலிப் 1978-இல் கலிபோர்னியாவின் ராபர்ட் மொண்டாவியைப் பொயாக்குக்கு அழைத்துப் பேசி, நாப்பா பள்ளத்தாக்கில் சரிபாதிப் பங்குடன் 'ஓபஸ் ஒன்' என்ற ஒயினைத் தொடங்கினார். முதல் விளைச்சல் 1979.

கூட்டாளியின் குடும்பக் கதையையும் இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். தம்பியோடு ஏற்பட்ட சண்டையில் 1965-இல் குடும்பத் தொழிலிலிருந்து வெளியேற்றப்பட்ட ராபர்ட், அடுத்த ஆண்டே சொந்தமாகத் தொழில் தொடங்கி அமெரிக்க ஒயினின் முகமாக உயர்ந்தவர். விரிவாக்கத்துக்குப் பணம் தேடி 1993-இல் நிறுவனம் பங்குச்சந்தைக்குப் போனது. 2004-இல் நூறு கோடி டாலருக்கும் கூடுதலான விலைக்கு அதை கான்ஸ்டலேஷன் நிறுவனம் வாங்கியது. ஓபஸ் ஒன்னில் மொண்டாவியின் பாதியும் அதோடு போயிற்று. மற்றப் பாதி பொயாக்கிலேயே இருந்தது. இரு தரப்பும் விரிவடைந்தன, இரு தரப்பும் மலிவு ஒயினும் விற்றன. வேறுபாடு பணம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் இருக்கிறது: ஒரு தரப்பு விற்பனை வருவாயிலும் கூட்டாளிகளின் முதலீட்டிலும் வளர்ந்தது, மற்றது உரிமையையே துண்டுபோட்டு விற்று வளர்ந்தது.

மகளின் வழி

1988 ஜனவரியில் பிலிப் இறந்தபோது வாரிசு ஒருவர்தான். இதைத் திட்டம் என்று யாரும் சொல்லக்கூடாது. 1938-இல் பிறந்த மகன் பிழைக்கவில்லை என்பதே காரணம். பங்கு பிரியாமல் போனதில் ஒரு துயரமும் கலந்திருக்கிறது.

பிலிப்பீன் நடிகை. 'பிலிப்பீன் பஸ்கால்' என்ற பெயரில் கொமேடி-பிரான்சேஸ் அரங்கில் நடித்தவர். ஒயின் தயாரிப்பில் பயிற்சி பெற்றவரல்லர். தந்தையின் நிழலில் மேலாளராக வளர்ந்தவருமல்லர். அவர் தோட்டத்துக்குள் நுழைந்த வாசல் லேபிள் ஓவியங்கள். 1981 முதல் அந்த மூல ஓவியங்களைக் கண்காட்சியாக நாடு நாடாகக் கொண்டுபோனவர் அவர். மேடையில் கற்றதையும் தோட்டத்துக்குத் தேவைப்பட்டதையும் அந்தப் பயணம் ஒன்றாக்கியது. 1988-இல் மேடையை விட்டுவிட்டார். தொழில்நுட்ப விஷயங்களைத் தேர்ந்த ஒயின் வல்லுநர்களிடம் விட்டு, முடிவுகளைத் தம் கையில் வைத்துக்கொண்டார். 1991-இல் 'எல் தார்ஷான்' என்ற வெள்ளை ஒயின் வந்தது. 1993 விளைச்சலிலிருந்து இரண்டாம் ஒயின் ஒன்று வெளிவரத் தொடங்கியது. முதல் ஒயினின் தரத்தை எட்டாத தொட்டிகளின் ஒயினை இதற்கு ஒதுக்குவதால், முதல் ஒயினுக்கான தேர்வு இன்னும் கறாரானது. 1930-இல் நெருக்கடியில் செய்ததை மகள் தோட்டத்துக்குள்ளேயே ஒழுங்காகச் செய்தார் என்று இதைப் பார்க்கலாம். 1997-இல் சிலி நாட்டின் ஒயின் நிறுவனமான கோஞ்சா இ டோரோவுடன் சேர்ந்து 'அல்மாவிவா' தொடங்கப்பட்டது; மீண்டும் சரிபாதிக் கூட்டு. அவர் காலத்தின் கடைசிப் பெரும்பணி புதிய தொட்டிக்கூடம். பழங்கள் மேல்தளத்தில் வந்து இறங்கி, பம்பு இல்லாமல் தம் எடையாலேயே தொட்டிகளுக்குள் விழும்படி அது கட்டப்பட்டது.

2014 ஆகஸ்டில் அவர் மறைந்தார். பிள்ளைகள் மூவர்: காமில், பிலிப், ஜுலியான். 1947-இல் இருந்த அதே எண்ணிக்கை. ஆனால் இம்முறை ஒருவர் மற்றவர்களின் பங்கை வாங்கி விலக்கவில்லை. மூவரும் சேர்ந்தே உரிமையை வைத்துக்கொண்டார்கள். நிதித்துறையிலிருந்து வந்த மூத்த மகன் பிலிப் நிறுவனத் தலைமையை ஏற்றார், ஓவியர்களோடு பழகும் பொறுப்பை ஜுலியான் எடுத்துக்கொண்டார். ஒவ்வொருவருக்கும் தோட்டத்தில் வேலை இருக்கிறது என்பது இந்த ஏற்பாட்டின் பலம். அவர்களுடைய பிள்ளைகளின் காலத்தில் பங்குதாரர்கள் இன்னும் கூடுவார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அங்கே வேலை இருக்கும் என்பதைப் பொறுத்தே, 1947-இன் வழியா 1996-இன் வழியா என்பது தீரும்.

தாய் இறந்த சில வாரங்களில் பறிக்கப்பட்ட 2014 விளைச்சலுக்கு லேபிள் வரைந்தவர் அவருடைய நண்பர் டேவிட் ஹாக்னி. படத்தில் இரண்டே கண்ணாடிக் கோப்பைகள். ஒன்றில் ஒயின் நிறைந்திருக்கிறது, மற்றது காலி. அதோடு பிலிப்பீனுக்கு அஞ்சலி என்ற எழுத்து.